‘இல்லை’ கொப்பி



போன கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், கிரிக்கட் அணிக்குப் பழைய லெப்டொப் ஒன்று யாராவது தந்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு காக்கா, "பந்தடிக்க லெப்டொப் என்னத்துக்கு சேர், மட்டைதானே வேணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் பதில் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளம். நேரமுள்ளவர்கள் வாசியுங்கள்.

முதலில் எங்கள் கடைக் கதை. ஊரில் பலருக்குப் பாதி தெரியும், மீதியை வாப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2022இல் பால்மா, சீனி, கோதுமை மா எல்லாம் நாளுக்கு நாள் விலை ஏறிய காலம் யாருக்கும் மறந்திருக்காது. வாங்குகிறவர்களின் கஷ்டம்தான் வெளியில் தெரிந்தது. சில்லறைக் கடைக்காரனுக்கு வேறொரு கஷ்டம். நேற்றைய விலைக்கு விற்ற காசில் இன்று அதே சாமானை வாங்க முடியாது. 10 மூட்டை விற்றவனிடம் 6 மூட்டைக்குத்தான் காசு இருக்கும். அப்படியே கடை சுருங்கிக்கொண்டு போனது. அடுத்த வருடம் விலைகள் கொஞ்சம் நின்றபோதும் எங்கள் கடை நிமிரவில்லை. கம்பனிக்குக் கொடுத்த செக் இரண்டு திரும்பின. உம்மாவின் காப்பு ஒன்று அடகுக்குப் போனது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். ஒரு நாள் இஷா தொழுதுவிட்டு வந்து வாப்பா சொன்னார்: "இறாக்கை நிறையச் சாமான் இரிக்கி மனே, லாச்சியில காசில்ல. கடையை மூடிருவமா?"

30 வருடத்துக்கு மேல் நடந்த கடை. அந்தக் கடைக் காசில்தான் நான் அட்டாளைச்சேனைக் கலாசாலையில் படித்தேன்.

அப்போது டிசம்பர் விடுமுறை. ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி வாங்கி, கோடு போட்டு, இறாக்கையில் உள்ள ஒவ்வொரு சாமானையும் எண்ண ஆரம்பித்தேன். என்ன சாமான், எத்தனை வந்தது, எப்போது வந்தது, எத்தனை மீதி. வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "எண்ணினா பரக்கத் போயிரும்" என்றார். ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் வீட்டில் இருந்த வாற்கோதுமையை அளந்ததும் அது தீர்ந்துபோன ஹதீஸைச் சொன்னார். நான் ஆலிம் இல்லை. இருந்தாலும், குர்ஆனிலேயே ஆக நீளமான ஆயத்து, சூரா பகராவின் 282ஆவது, கடனை எழுதி வைப்பது பற்றித்தானே வாப்பா என்றேன். "அது கடனுக்கு" என்றார். குசினிக்குள் இருந்து உம்மா சொன்னார்: "இறாக்கையில கெடக்கிறது எல்லாம் கடனுக்கு வந்த சாமான்தானே, எழுதட்டுமே." அதோடு அந்த வாதம் முடிந்தது.

எண்ணி முடிக்க நாலு நாள் சென்றது. 400க்கு மேற்பட்ட வகைச் சாமான். எங்கள் காசில் ஏறக்குறையப் பாதி, மூன்று மாதமாக அசையாத சாமான்களில் கிடந்தது. பெரிய போத்தல் ஷாம்பு, வாசனைச் சவர்க்காரம், யாரும் கேட்காத ஒரு வகை நூடில்ஸ். காரணம் தேட அதிக நேரம் எடுக்கவில்லை. கம்பனி ரெப் வந்து, "10 பெட்டி எடுத்தா ஒண்டு இனாம் காக்கா" என்பார். வாப்பா எடுப்பார். அந்த இனாம் பெட்டியும் இறாக்கையில், காசு கொடுத்த பெட்டிகளில் எட்டும் இறாக்கையில். ஆனால் செக்குக்குத் தவணை 30 நாள். இனாம் என்று நினைத்து வாங்கியதுதான் உம்மாவின் காப்பைக் கொண்டு போயிருக்கிறது.

இதுவரை நான் கெட்டிக்காரன். இதற்கு மேல் நடந்தது என் தங்கச்சியின் கெட்டித்தனம். அவ பின்னேரங்களில் கடையில் இருப்பா. நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுக் கேட்டா: "காக்கா, இரிக்கிற சாமானையும் வித்த சாமானையும் எழுதுறீங்க. ‘இல்லை’ எண்டு சொல்லி அனுப்புறமே, அதை ஆரு எழுதுறது?"

நான் கணிதம் படிப்பிக்கிறவன். அந்தக் கேள்விக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

எந்தக் கடையின் கணக்கிலும் அது இருக்காது. விற்றால் பில் உண்டு. விற்காவிட்டால் சாமான் மீதியிருக்கும், எண்ணலாம். ஆனால் ஒருவர் வந்து கேட்டு, ‘இல்லை’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதற்கு எந்த அடையாளமும் கிடையாது. தங்கச்சி ஒரு 40 பக்கக் கொப்பியை நூலில் கட்டி லாச்சிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டா. யாருக்கு ‘இல்லை’ சொன்னாலும் நேரத்தோடு எழுதவேண்டும் என்று சட்டம். வாப்பாவும் எழுதினார், முணுமுணுத்துக்கொண்டு.

இரண்டு கிழமையில் அதில் ஆக அதிகமாக இருந்த சாமான் பாண். அதுவும் காலை ஆறரைக்கு முன். 61 தடவை. எங்களுக்குப் பாண் வருவது ஏழு மணிக்கு. சுபஹு தொழுதுவிட்டு வருகிறவர்கள் எங்களைத் தாண்டி அடுத்த சந்திக்குப் போயிருக்கிறார்கள். போனவர் பாண் மட்டுமா வாங்குவார்? சீனி, தேயிலை, பருப்பு எல்லாம் அங்கேதான். எங்கள் பருப்பு ஏன் குறைவாக விற்கிறது என்பதற்கான காரணம் பருப்புக் கணக்கில் இல்லை, பாணில் இருந்தது. அதற்கு அடுத்தது சின்னப் பால்மா பைக்கட், மூன்றாவது ரீலோட்.

வேறு பேக்கரியில் பேசி ஆறு மணிக்குப் பாண் எடுத்தோம். அசையாத சாமானை வாங்கின விலைக்கே கொடுத்து முடித்தோம். ரெப்புக்கு வாப்பா ‘இல்லை’ சொல்லப் பழகினார். அதற்குத்தான் ஆகக் கூடுதலான காலம் எடுத்தது. ஏழாவது மாதம் காப்பு வீட்டுக்கு வந்தது. நாங்கள் பணக்காரர் ஆகவில்லை. கடை திறந்திருக்கிறது, அவ்வளவுதான். கடன் கொப்பியையும் இப்படிப் பார்ப்போம் என்று நான் கேட்டபோது மட்டும் வாப்பா அதை மூடிக் கையில் வைத்துக்கொண்டார். "இதில சில வீடு வியாபாரம் இல்ல மனே" என்றார். நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கொழும்பில் சுப்பர் மார்க்கட்டில் பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறார்களே, புள்ளி சேர்க்க என்று, அதுவும் இந்த வேலைதான். யார், எப்போது, எதோடு எதை வாங்குகிறார் என்று அவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லும். எங்களுக்கு நூலில் தொங்கும் கொப்பி சொன்னது. ஆனால் ஒன்று. ‘இல்லை’ என்று திரும்பிப் போனவரின் போன் நம்பர் அவர்களின் பில்லிலும் இருக்காது.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன்.

கலாசாலை விடுதியில் இருந்தபோது 2011இல் வந்த மணிபோல் படத்தை ஒரு நண்பனின் பென் ட்ரைவில் பார்த்தேன். பேஸ்போல் விளங்காததால் பாதியில் நித்திரை. தங்கச்சியின் கேள்விக்குப் பிறகுதான் திரும்பத் தேடிப் பார்த்து, அந்தக் கதையை வாசித்தேன்.

பேஸ்போலில் ஒரு துடுப்பாட்டக்காரன் எப்படிப்பட்டவன் என்று நூறு வருடத்துக்கும் மேலாக அளந்த கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. எறிபவர் பிழையாக நாலு பந்து எறிந்துவிட்டால், அடிக்கிறவர் அடிக்காமலே நடந்து முதலாம் தளத்துக்குப் போகலாம். அப்படிப் போனாலும் அவர் ஆட்டமிழக்கவில்லை, ஓட்டம் எடுக்கும் வாய்ப்பும் இருக்கிறது. ஆனால் அடித்த சராசரிக் கணக்கில் அது சேராது. பொறுமையாக நின்று கெட்ட பந்தை விடுகிறவனுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பில் ஜேம்ஸ் என்பவர் தகரத்தில் உணவு அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இராக் காவலாளியாக வேலை செய்துகொண்டு இதைப் பற்றியெல்லாம் எழுதினார். 1977இல் தானே ஒரு புத்தகமாகப் போட்டார். பெரிய அணிக்காரர்கள் நீண்ட காலம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

எடுத்தது காசில்லாத ஓர் அணி. ஓக்லண்ட் அத்லடிக்ஸ். 2002இல் நியூயோர்க் யாங்கீஸ் வீரர்களின் சம்பளத்துக்குச் செலவழித்தது ஏறக்குறைய 125 மில்லியன் டொலர். ஓக்லண்ட் 40 மில்லியன் அளவில். அதன் முகாமையாளர் பில்லி பீன், தளத்துக்குப் போய்ச் சேருகிறவன் யார் என்ற கணக்கைப் பார்த்து, மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டவர்களை எடுத்தார். முழங்கையில் நரம்பு பழுதாகி, பழைய இடத்தில் இனி விளையாட முடியாது என்று ஒதுக்கப்பட்ட ஸ்கொட் ஹட்டபேர்க் அதில் ஒருவர். அந்தப் பருவத்தில் இரண்டு அணியும் வென்றது 103 போட்டி. ஓக்லண்ட் தொடர்ந்து 20 போட்டி வென்றது. இருபதாவதில் 11-0 என்று முன்னால் இருந்து, எதிரணி 11-11 ஆக்கி, கடைசியில் வெற்றி அடியை அடித்தவர் அதே ஹட்டபேர்க்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்த சுற்றில் முதலாவது தொடரிலேயே தோற்று வெளியேறினார்கள். கணக்கு கிண்ணத்தைக் கையில் தந்துவிடும் என்று யாரும் நினைக்கவேண்டாம் என்பதற்காக அதையும் சொல்கிறேன்.

எங்கள் பாடசாலையில் விளையாட்டுக்கென்று ஆசிரியர் இல்லாததால் கிரிக்கட் என் தலையில். முன்னைய வருடம் 7 மெட்ச், வெற்றி ஒன்று. அணியில் இடம் கிடைக்காத ஒரு பிள்ளை ஸ்கோர் எழுத வருவான். அவனிடம் கடைக் கொப்பிக் கதையைச் சொல்லி, "நாம என்னத்தை எழுதாம விடுறம்?" என்று கேட்டேன். அடுத்த மெட்ச் முடிந்ததும் அவன் தாளை நீட்டினான். 30 ஓவரும் ஆடி நாங்கள் எடுத்தது 109. 180 பந்தில் 124 பந்துக்கு ஓட்டமே இல்லை. "சேர், நாம சிக்ஸ் அடிக்காததால தோக்கல்ல. ஓடாததால தோக்கிறம்."

உண்மை. வலைப் பயிற்சியில் எல்லாப் பிள்ளைகளும் தூக்கித்தான் அடிப்பார்கள். சுற்றி நின்று பார்க்கும் நமது ஆட்களும் சிக்ஸுக்குத்தான் கை தட்டுவோம். மெதுவாகத் தட்டிவிட்டு ஒன்று ஓடுகிறவனுக்கு யாரும் கை தட்டியதை நான் காணவில்லை. அதனால் பயிற்சியில் அரை மணித்தியாலம் காற்காப்புக் கட்டிக்கொண்டு ஓட்டம் மட்டும் என்று வைத்தேன். பிள்ளைகள் வெறுத்தார்கள். ஒரு மெலிந்த பிள்ளை, ஒன்பதாவதாக ஆடுகிறவன், பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் அவன் நின்றால் தாளில் வெறும் புள்ளி விழுவது குறைவு. அவனை மூன்றாவதாக அனுப்பினேன். ஒரு பெற்றார் வந்து சண்டை பிடித்துவிட்டுப் போனார். ஒரு தவணை கழிந்தபோது வெறும் பந்து 100க்குக் கீழே, ஓட்டம் 140 பக்கம். 8 மெட்சில் 5 வெற்றி.

இந்த இடத்தில் நிறுத்தினால் எனக்குப் பெருமை. நிறுத்த முடியாது.

2003 உலகக் கிண்ணத்தில் டேர்பனில் நமது அணியும் தென்னாபிரிக்காவும் ஆடிய மெட்ச் என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். மார்ச் 3. அத்தப்பத்து 124, நாம் 268. மற்றப் பக்கம் அவர்கள் ஆடும்போது மழை. இங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது, நான் சாச்சா வீட்டு டீவிக்கு முன்னால். டக்வேர்த் லூயிஸ் தாளைப் பார்த்து, 45 ஓவர் முடியும்போது 229 வேண்டும் என்று உள்ளிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முரளியின் ஐந்தாவது பந்தில் பௌச்சர் சிக்ஸ் அடித்தார். 229. ஆறாவது பந்தைச் சும்மா தட்டி வைத்தார், ஓடவில்லை. மழை கூடி ஆட்டம் நின்றது. பிறகுதான் தெரிந்தது, 229 வெல்வதற்கான எண் இல்லை, சமநிலைக்கான எண். ஒரு ஓட்டம் கூட வேண்டியிருந்தது. சொந்த நாட்டில் நடந்த உலகக் கிண்ணத்தில் முதற் சுற்றோடு வெளியே. நாங்கள் அன்று துள்ளினோம், சாச்சி எழும்பி வந்து ஏசினா. தாளில் பிழை இல்லை. வாசித்தவரில்தான் பிழை.

இருபது வருடத்துக்குப் பிறகு அதே பிழையை நான் செய்தேன்.

எங்கள் அணியில் வேகப் பந்து வீசுகிற ஒரு பிள்ளை. தாளைப் பார்த்தேன். 8 மெட்சில் 27 வைட். அணியில் ஆகக் கூடுதல். வலய மட்டப் போட்டிக்கு அவனை நிறுத்தினேன். தாளைக் காட்டித்தான் நிறுத்தினேன். "இது என்ட முடிவு இல்ல மகன், கணக்கு சொல்லுது" என்றும் சொன்னேன். இந்த வசனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கம். கணக்கு ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் பாடசாலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும். 9 நாள். சாதாரண தரப் பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது.

ஸ்கோர் எழுதுகிற பிள்ளைதான் இடைவேளையில் வந்தான். அதே 27 வைட்டை வேறு மாதிரி எழுதிக் கொண்டு வந்திருந்தான், கிழமை நாள் போட்டு. சனிக்கிழமை மெட்ச் ஐந்தில் 25 வைட். வார நாளில் பாடசாலை விட்ட பிறகு ஆடிய மூன்றில் 2. "சேர், சனிக்கிழமையில அவனுக்கு என்னமோ நடக்குது."

பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன். கடற்கரையில் நிற்பதாக உம்மா சொன்னா. வாப்பாவுக்கு இடுப்பில் வருத்தம், தோணிக்குப் போக முடியாது. அதனால் லீவு நாட்களில் சுபஹோடு இவன் கரைவலை இழுக்கப் போகிறான். பங்குக் காசும் ஒரு பை மீனும் வரும். இழுத்துவிட்டு, குளித்துவிட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் எட்டரைக்கு மெட்சுக்கு வந்திருக்கிறான். இப்போது பாடசாலைக்கும் வராமல் ஒவ்வொரு நாளும் வலை. கடற்கரையில் அவனைக் கண்டேன். கையைக் காட்டு என்றேன். கயிறு உரித்த உள்ளங்கை. அந்தக் கையால் பந்தைத் தையல் பார்த்துப் பிடித்து எறிந்திருக்கிறான். 27 வைட்தானா என்று எனக்கு ஆச்சரியம் வந்தது.

"ஏன் மகன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே சேர்."

கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி நூலில் கட்டித் தொங்கவிட்ட கொப்பிதான் நினைவுக்கு வந்தது. கடையில் ‘இல்லை’க்கு ஒரு கொப்பி போட்ட நான், பிள்ளைக்கு ஒரு கேள்வி போடவில்லை.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று சில சகோதரர்கள் கேட்பார்கள். கேட்கலாம், ஒன்றும் ஆகாது. வகுப்பாசிரியையும் நானும் அவன் வாப்பாவோடு பேசி, பாடசாலை நாட்களில் வலைக்குப் போவதில்லை என்று முடிவாயிற்று. சனி, ஞாயிறு அவன் விருப்பம். அந்தக் காசு அந்த வீட்டுக்குத் தேவை, அதில் நான் உபதேசம் செய்ய முடியாது. வலயப் போட்டி அதற்குள் முடிந்துவிட்டது. அதைத் திருப்பித் தர என்னால் முடியவில்லை. சிநேகபூர்வப் போட்டிகளை வியாழன் பின்னேரத்துக்கு மாற்றக் கேட்டோம், இரண்டு பாடசாலைகள் ஒத்துக்கொண்டன.

ஸ்கோர் எழுதுகிற பிள்ளை இப்போது ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு கோடு புதிதாகப் போட்டு வைத்திருக்கிறான். மெட்சுக்கு முன் எல்லோரிடமும் கேட்டு எழுதுவான்: எத்தனை மணிக்குப் படுத்தாய், காலையில் என்ன சாப்பிட்டாய். முதல் நாள் எழுதியதில் 11 பேரில் 4 பேர் வெறும் தேத்தண்ணி. எங்கள் அதிரடிக் கப்டனும் அதில் ஒருவன். இப்போது மெட்ச் நாளில் வாப்பாவின் கடையிலிருந்து பாணும் வாழைப்பழமும் போகிறது. அது எந்தக் கொப்பியில் எழுதப்படுகிறது என்று நான் வாப்பாவிடம் கேட்கவில்லை.

கூட்டத்தில் கேள்வி கேட்ட காக்காவுக்கு: லெப்டொப் இருந்தால் கூட்டல் கழித்தல் சீக்கிரம் முடியும், எக்செலில் கிழமை நாள் வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம், அந்த 9 நாள் ஒருவேளை 2 நாளாக இருந்திருக்கும். கிடைக்காவிட்டால் சீ.ஆர். கொப்பி போதும், எழுதிக்கொண்டே இருப்போம்.

இன்னொன்று. நமது ஊர்க் கழகங்களின் பழைய ஸ்கோர் புத்தகங்கள் யார் வீட்டிலாவது கிடந்தால் தாருங்கள். பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன். சுனாமிக்கு முந்தியது ஒன்றுகூட என்னிடம் இல்லை. தண்ணீர் பட்டது, பக்கம் கிழிந்தது என்றாலும் பரவாயில்லை.

வருகிற வியாழன் மூன்றரைக்கு மெட்ச். காக்காவும் வாருங்கள், ஸ்கோர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு வைக்கிறேன். முதல் ஓவர் அவன்தான் போடுகிறான்.